லாரி சேதிக்குக் கீழே எழுதிய இரண்டு வரி

இரண்டு வருடங்களுக்கு முன்னால், பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆகியிருந்த சமயம். மேடவாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வளாகத்தில்தான் இது நடந்தது. மூன்று பிளாக், நாற்பத்தெட்டு வீடு. போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால் வாரத்தில் நாலு நாள் தண்ணீர் லாரி வந்தாக வேண்டும். லாரி எத்தனை மணிக்கு வரும் என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் தெரிவிக்கும் பொறுப்பு என்னுடையது. யாரும் என்னை நியமிக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். ஒரு தகவல் என் காதில் விழுந்துவிட்டால், அதை நாலு பேருக்குச் சொன்னால்தான் எனக்குச் சோறு இறங்கும். என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதிலேயே எனக்கு ‘ஓட்டை வாய்’ என்று பட்டம் கொடுத்துவிட்டார். அவர் ஓஎம்ஆர் ரோட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவர். வீட்டில் பேசுகிற வேலை மொத்தத்தையும் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்ட நல்ல மனிதர்.

நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். காலை பத்திலிருந்து மூன்று வரை. பிரேம் எடுத்துக் காட்டுகிற நேரத்தைவிட, வருகிறவர்கள் கதையைக் கேட்டு என் கதையைச் சொல்கிற நேரம்தான் அங்கேயும் அதிகம். எங்களுக்கு ஒரே மகள். அப்போது ஐந்தாம் வகுப்பு.

ஒரு நாள் சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும், அவளுடைய ரெட்டைப் பின்னலை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அம்மா, இங்கிலீஷ் பீரியட்ல மிஸ் எழுந்து படிக்கச் சொன்னா எனக்குக் கை நடுங்குது. எழுத்தெல்லாம் ஒண்ணா சேர்ந்துக்குது. நேத்து ஒரு வரிகூட வரல. எல்லாரும் சிரிச்சாங்க. நீ யார்கிட்டயும் சொல்லாத.”

நான் அதில் முதல் பாதியைத்தான் கேட்டேன். எங்கள் பக்கத்து உறவில் ‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்பது சேதியோடு கூடவே வருகிற கொசுறு. அதை யாரும் அர்த்தத்தோடு சொல்வதும் இல்லை, அர்த்தத்தோடு எடுத்துக்கொள்வதும் இல்லை. அதைக் கேட்ட பத்தாவது நிமிஷம் அடுத்த வீட்டுக்குப் போன் போகும், அங்கேயும் அதே கொசுறோடு. அப்படி வளர்ந்தவள் நான்.

எழுத்து ஒன்றாகச் சேர்கிறது என்றதும் மறுநாளே எங்கள் கடைக்குக் கூட்டிப்போய்க் கண்ணைப் பரிசோதித்தேன். பார்வையில் ஒரு குறையும் இல்லை. சரி, இது பயம்தான், பயத்துக்கு வழி தெரிந்தவர்கள் நாற்பத்தெட்டு வீட்டில் ஒருவராவது இருக்க மாட்டார்களா என்று யோசித்தேன். தனியாக எழுதிப் போட்டால் பாதிப் பேர் படிக்க மாட்டார்கள். லாரி சேதியை மட்டும்தான் எங்கள் குரூப்பில் அத்தனை பேரும் படிப்பார்கள். அதனால் என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு இப்படி எழுதினேன்: ‘லாரி ஐந்தரைக்கு வரும். அதுவரை யாரும் வாஷிங் மெஷின் போட வேண்டாம். என் மகளுக்கு வகுப்பில் எழுந்து படிக்கப் பயம், கை நடுங்குகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லவும்.’

லாரி வருவதற்கு முன்னால் வழிகள் வந்துவிட்டன.

தரைத்தளத்து மாமி வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். பேச்சு வராத கைக்குழந்தை நாக்கில் தடவுகிற சமாசாரத்தைப் பத்து வயதுப் பெண்ணை வாயைத் திறக்கச் சொல்லித் தடவியே விட்டார். பி பிளாக்கில் இருக்கும் ரிட்டயர்டு தலைமையாசிரியர், இவள் லிஃப்டில் ஏறினால் போதும், கையிலிருக்கும் ஆங்கிலப் பேப்பரை நீட்டி, “எங்கே, இந்த ஹெட்லைனை சத்தமா வாசி பார்ப்போம்” என்பார். லிஃப்ட் மூன்றாவது மாடிக்கு வருவதற்குள் அவளுக்கு வியர்த்துவிடும். அப்புறம் அவள் படியிலேயே ஏற ஆரம்பித்தாள். இன்னொருவர் வெண்டைக்காய் கொடுத்தனுப்பினார். இன்னொருவர் தன் மகன் பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பைகளின் படத்தை அனுப்பி, ‘இவனும் முதலில் பயந்தவன்தான்’ என்று எழுதினார்.

வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்காவுக்கு வாட்ஸ்அப்பே கிடையாது. சேதி அவரிடமும் போய்ச் சேர்ந்திருந்தது. யூனிஃபார்ம் வாங்கப் போனவளிடம், “இன்னா பாப்பா, ஸ்கூல்ல உனக்குப் படிப்பு வரலியாமே, வூட்ல அம்மா அய்துகினு கீதாமே, மெய்யா?” என்று அக்கறையாக விசாரித்திருக்கிறார். நான் அழவே இல்லை. சேதி கீழ்த்தளத்துக்கு இறங்குவதற்குள் யாரோ என்னை அழவைத்துவிட்டார்கள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சி பிளாக்கில் இவளுடைய வகுப்பிலேயே படிக்கும் ஒரு பையன் இருப்பதை நான் யோசிக்கவே இல்லை. அவன் அம்மா போனில் படித்ததை அவனும் படித்திருக்கிறான். வகுப்பில் அன்றைக்கு ஏதோ தடுமாறினாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டு மறந்திருக்கக்கூடிய நாற்பது பிள்ளைகளுக்கும், இவளுக்குக் கை நடுங்கும் என்பது தெரிந்துபோனது. அதற்குப் பிறகு இங்கிலீஷ் பீரியட் வந்தாலே எல்லாரும் திரும்பி இவள் கையைப் பார்ப்பார்களாம். இதுவும் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

மகள் சண்டை போடவில்லை, அழவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். எதைக் கேட்டாலும் ‘ம்’. தோசை வேண்டுமா? ம். சட்னியா, பொடியா? ம். சாப்பாட்டு டப்பா காலையில் போன மாதிரியே சாயங்காலம் திரும்பி வந்தது. நகத்தைச் சதை தெரிகிற அளவுக்குக் கடித்து வைத்திருந்தாள். காலையில் வேன் வருகிற நேரத்துக்குச் சரியாக வயிற்றுவலி வரும். நான் அதற்கும் ஓமத்தண்ணீர் கொடுத்து, அந்த விஷயத்தையும் என் தங்கைக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்படி இரண்டு வாரம் போயிற்று. ஒரு நாள் கடையில் இருக்கும்போது வகுப்பாசிரியை போன் செய்தார். படிக்கச் சொன்னதும் எழுந்து வெளியே ஓடியவள், பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் வெளியே வரவில்லையாம். பயந்துபோய் ஆட்டோ பிடித்து ஓடினேன். ஆயா அம்மாவோடு நின்றிருந்தவள் என்னைப் பார்த்ததும் கிட்ட வரவில்லை, ஆயாவின் பின்னால் ஒரு அடி நகர்ந்துகொண்டாள். அந்த ஒரு அடிதான் எனக்கு உறைத்தது. இன்றைக்குப் படிக்கிற பயம். நாளைக்கு இதைவிடப் பெரியதாக ஒன்று வந்தால் இவள் யாரிடம் போய்ச் சொல்வாள் என்று முதல் முறையாகப் பயந்தேன்.

கிழக்குத் தாம்பரத்தில், இவள் பிறந்ததிலிருந்து நாங்கள் காட்டும் குழந்தைகள் டாக்டரம்மா இருக்கிறார். மறுநாள் பஸ் ஏறினோம். மேடவாக்கத்திலிருந்து தாம்பரம் போய்ச் சேர்கிற வரைக்கும் நான் பேசிக்கொண்டே வந்தேன், அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். டாக்டரம்மா அவள் முகத்தையும் நகத்தையும் பார்த்தார். நான் ஆதியிலிருந்து ஆரம்பித்தேன்.

“நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்கம்மா” என்றார்.

“நான் அவ அம்மா டாக்டர்.”

“தெரியும்மா. அதான் சொல்றேன்.”

வெளியே வந்து உட்கார்ந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன பேசுகிறார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. டோக்கன் கொடுக்கிற பெண் என்னைப் பார்த்தாள் என்பதற்காக, கதவுப் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து தள்ளி உட்கார்ந்தேன். அங்கே கைக்குழந்தையோடு ஒரு பெண். “யாருக்கு உடம்பு சரியில்ல?” என்று ஒரு வார்த்தைதான் கேட்டாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. கை நடுங்குவதில் ஆரம்பித்து வசம்பு, வெண்டைக்காய், பாத்ரூம் கதவு வரை வந்துவிட்டேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினேன். மகள் நின்றுகொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. கோபம்கூட இல்லை அவள் முகத்தில். இது இப்படித்தான் என்று பழகிப்போன முகம். “டாக்டர் உன்னைக் கூப்பிடறாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, என் பக்கத்தில் உட்காராமல் எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்த முகத்தைப் பார்த்தபோது வந்த வெட்கம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

உள்ளே போனதும், “என்ன சொன்னா டாக்டர்?” என்றேன்.

“சொல்ல மாட்டேன்மா” என்றார். “உன் அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு அவளுக்கு வாக்கு கொடுத்திருக்கேன். ஆபத்தான விஷயமா இருந்தா மட்டும் சொல்லிடுவேன்னு அதையும் அவகிட்டயே சொல்லிட்டேன். அப்படி ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. பத்து வருஷம் வளர்த்தவளுக்குத் தெரியாதது, இருபது நிமிஷம் பேசியவருக்குத் தெரிகிறது. அதையும் சொல்ல மாட்டேன் என்கிறார். “அப்ப நான் என்னதான் பண்றது?” என்று கேட்டேன். குரல் எனக்கே அழுகிற மாதிரி இருந்தது.

“ஒண்ணும் பண்ணாதீங்க. பசிக்குதான்னு கேளுங்க, தூக்கம் வருதான்னு கேளுங்க. பள்ளிக்கூடத்துல நான் பேசலாம்னு அவளே சொல்லியிருக்கா, மிஸ்கிட்ட நான் பேசறேன். ரெண்டு வாரம் கழிச்சு கூட்டிட்டு வாங்க.” அப்புறம், “வெளிய நீங்க பேசினது கதவு திறந்ததும் எனக்கும் கேட்டுது” என்றார்.

பஸ் நிறுத்தத்தில் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். குனிந்து, கையைப் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே கேட்டேன். “இதையும் குரூப்ல போடுவியா?” என்றாள்.

அன்றிலிருந்து நான் விரதம் ஆரம்பித்தேன். சோற்று விரதம் சுலபம், வாய் விரதம் அப்படி இல்லை. மாமி வந்து “குழந்தை எப்படி இருக்கா?” என்றால் “நல்லா இருக்கா மாமி” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். அடுத்த வாக்கியத்துக்காக மாமி காத்துக்கொண்டே இருப்பார். தங்கை போனில், “ஏன்க்கா டல்லா பேசற, மாமாவோட சண்டையா?” என்று கேட்டாள். மூன்றாவது நாள் கடையில் முதலாளி எனக்கு உடம்பு சரியில்லையோ என்று லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். குரூப்பில் லாரி நேரத்தை மட்டும் எழுதினேன். இரண்டு பேர் தனியாக மெசேஜ் போட்டு, யார் மேல் கோபம் என்று விசாரித்தார்கள். எனக்கு அப்போதுதான் தெரிந்தது, நான் எவ்வளவு பேசுகிறவள் என்று.

ஒரு வாரம் கழித்து மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். “அம்மா, பென்சில் பாக்ஸைத் தொலைச்சுட்டேன். அப்பாகிட்ட சொல்லாத.” ‘ம்’ தவிர அவள் பேசிய முதல் பேச்சு அது. அந்த பென்சில் பாக்ஸ் அவர் ஆசையாக வாங்கித் தந்தது. எங்கே வைத்தாய், வேனில் தேடினாயா, டிரைவர் அண்ணாவிடம் கேட்டாயா என்று ஒன்பது கேள்விகள் என் வாய்க்குள் முட்டி மோதின. அத்தனையையும் விழுங்கிவிட்டு “சரிம்மா” என்றேன். அன்று முழுக்க எனக்கு வயிறு உப்பிக்கொண்டே இருந்தது.

மூன்று நாள் கழித்து வீட்டுக்காரர் சட்டை மாற்றிக்கொண்டே கேட்டார். “உன் பொண்ணு என்கிட்ட வந்து, ‘என் பென்சில் பாக்ஸ் பத்தி அம்மா ஏதாவது சொன்னாளா?’ன்னு கேட்டா. எனக்கு ஒண்ணும் தெரியாதேன்னேன். சிரிச்சுக்கிட்டே ஓடறா. என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்லங்க.”

“ஒண்ணுமில்லைன்னு நீ சொல்ற. அப்ப பெரிய விஷயம்தான்.”

அன்று சாயங்காலம் புத்தகப் பையில் சாப்பாட்டு டப்பாவை எடுக்கக் கையை விட்டேன். டப்பா காலியாக இருந்தது. அதற்கு அடியில் பென்சில் பாக்ஸ் சமர்த்தாகப் படுத்திருந்தது. அது தொலையவே இல்லை. என் மகள் எனக்குப் பரீட்சை வைத்திருக்கிறாள். நான் பாஸ் பண்ணியிருக்கிறேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, பென்சில் பாக்ஸைப் பார்க்காத மாதிரி அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குரூப்பில் எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று அவளிடமே கேட்டேன். நான் சொல்றதை அப்படியே போடுவியா என்றாள். சத்தியம் செய்தேன். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதியது இது: ‘என் பொண்ணு பத்தி நான் எழுதினது தப்பு. அவகிட்ட கேக்காம எழுதிட்டேன். இனிமே யாரும் அவகிட்ட அதைப் பத்திக் கேக்க வேண்டாம். கேட்டா லாரி வர்ற நேரம் சொல்ல மாட்டேன்.’ கடைசி வரி வேண்டாமே என்று கெஞ்சிப் பார்த்தேன். அப்படியே போடுவேன்னு சொன்னே என்றாள். அப்படியே போட்டேன். முதல் கட்டை விரல் தலைமையாசிரியரிடமிருந்து வந்தது. மறுநாள் லிஃப்டில் அவளைப் பார்த்ததும் பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டாராம். இஸ்திரி அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். “அட, பாப்பாக்குப் பேஜாரா பூட்ச்சா, தெரியாம கேட்டுட்டேன்மா” என்று வருத்தப்பட்டார். வருத்தப்பட வேண்டியவள் நான்தான் என்றேன்.

பள்ளியில் டாக்டரம்மா பேசியதன் பேரில் ஒரு சின்ன ஏற்பாடு செய்தார்கள். எந்தப் பத்தியைப் படிக்க வேண்டும் என்று அவளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள். உட்கார்ந்தபடியே படிக்கலாம். இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ளவும் செய்யலாம். கை உடனே நின்றுவிடவில்லை. கொஞ்ச நாள் நடுங்கிக்கொண்டே படித்தாள், அப்புறம் நடுங்குவது குறைந்தது. இப்போது ஏழாம் வகுப்பு. எழுந்து நின்றே படிக்கிறாள். எப்போதாவது நடுங்கினால், “நடுங்கினா நடுங்கட்டும், வாய்தானே படிக்குது” என்கிறாள்.

இரண்டாவது முறை டாக்டரம்மாவிடம் போனபோது அவர் சொல்லாமலேயே நான் எழுந்து வெளியே போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அப்பா, “யாருக்கும்மா, என்ன பிரச்சினை?” என்றார். “சும்மா சார்” என்றேன். அவர் தன் பையனின் சளியைப் பற்றி விலாவாரியாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வழக்கம்போல வண்டி நின்றுவிட்டது. எனக்கு என்னென்னவோ கேட்க வேண்டும் போல இருந்தது. “பசிக்குதா?” என்று மட்டும் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அப்புறம் என் தோளைப் பிடித்துக் கீழே இழுத்து, காதில் கையைக் குவித்து வைத்துக்கொண்டு, ஒரு விஷயம் சொன்னாள். சொல்லி முடித்ததும் “யார்கிட்டயும் சொல்லாத” என்றாள். இந்தத் தடவை அதை நான் முழுசாகக் கேட்டேன். சிக்னல் விழுந்து பஸ் கிளம்பிய பிறகும் என் தோளிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜன்னல் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இதை எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் கொடுத்தேன். பென்சிலை எடுத்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, ஆசிரியை மாதிரி படித்தாள். ஓர் இடத்தில் இரண்டு வரியையும், இன்னோர் இடத்தில் ஒரு முழுப் பத்தியையும் அடித்துவிட்டு, “மத்ததைப் போட்டுக்கோ” என்று அனுமதி கொடுத்தாள். அடித்ததில் எனக்குப் பிடித்த பத்தி இருந்தது. பரவாயில்லை.

பஸ்ஸில் அவள் என் காதில் சொன்னது என்ன என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார், தங்கையும் கேட்டுப் பார்த்தாள். படிக்கிற உங்களுக்கும் கேட்கத் தோன்றும். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, ஆனால் சொல்ல மாட்டேன். என் ஓட்டை வாயில் இரண்டு வருடமாகத் தங்கியிருக்கும் ஒரே ரகசியம் அது. அது அங்கே பத்திரமாக இருக்கிற வரைக்கும், நாளைக்கு எவ்வளவு பெரிய பயம் வந்தாலும் என் மகள் அதைத் தூக்கிக்கொண்டு முதலில் என்னிடம்தான் வருவாள் என்ற நம்பிக்கையில் நான் நிம்மதியாக இருக்கிறேன்.